சித்திரைக் குளிரில் முதல் மேட்ச்: இங்கிலாந்து கிளப் கிரிக்கெட்டில் சீசனின் முதல் சனிக்கிழமையை நடத்துவது எப்படி?

ஊரில் சித்திரை என்றால் தார் ரோடு இளகும். மத்தியானம் ஒரு மணிக்கு பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் வீட்டில் திட்டு விழும். இங்கிலாந்தில் கிரிக்கெட் சீசன் தொடங்குவதே அந்தச் சித்திரையில்தான். 15 டிகிரி வந்தால் நல்ல நாள் என்று பேசிக்கொள்வார்கள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, விரல்களை ஊதிக்கொண்டு ஸ்லிப்பில் நிற்க வேண்டும்.

லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே மாத முதல் சனிக்கிழமைகளிலோ தொடங்கி, செப்டம்பரின் முதல் வாரங்களில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் ஏப்ரல் நடுவில் ஒன்றிரண்டு நட்பு ஆட்டங்கள் இருக்கும். லண்டனுக்குத் தெற்கே, சர்ரே பக்கம் ஒரு சின்ன கிளப்பில் மூன்றாவது லெவனுக்கு, அதாவது மூன்றாவது அணிக்கு, நான் கேப்டன். படிக்கவோ வேலைக்கோ வந்து இப்படிப்பட்ட கிளப்களில் சேரும் நம்மவர்கள் இப்போது நிறைய. லண்டனில் ஈழத்தமிழர்களின் பழைய மாணவர் சங்கங்கள் தனியாகவே அணிகள் வைத்து ஆடுகின்றன. கீழ் லெவன்களில் கேப்டன் பொறுப்பு சீக்கிரமே கைக்கு வந்துவிடும், ஏனென்றால் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அப்படி இந்த வருஷம் முதல் தடவையாகப் பொறுப்பு ஏற்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் மேட்ச்சில் கேப்டனுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ஈரத்தைப் புரிந்துகொள்வது. இன்னொன்று, வந்த பதினொரு பேரையும் அடுத்த சனிக்கிழமையும் வரவைப்பது. இரண்டாவதுதான் பெரிய வேலை.

கிட் பேக்கைத் திறப்பது

மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அன்றைக்கே கிளப்பின் கிட் பேக்கையும் திறந்துவிடுங்கள். மேட்ச் அன்று காலையில் திறந்தால், குறைகளைச் சரிசெய்ய நேரம் இருக்காது. செப்டம்பரில் ஈரத்தோடு மூடி வைத்த பை அது. கிளவுஸ் பூஞ்சை பிடித்து விறைத்திருக்கும், கால் பேடின் ஸ்ட்ராப் அறுந்திருக்கும், ஸ்டம்ப்ஸ் இருக்கும், அதன்மேல் வைக்கும் பெயில்ஸ் ஒன்றுதான் இருக்கும். எல்லாவற்றையும் தரையில் பரப்பி எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் காற்றுக்குக் கனமான பெயில்ஸ் இரண்டு ஜோடி கண்டிப்பாக வேண்டும்.

ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உள்ளே ‘பிஎஸ் 7928:2013’ என்ற லேபிள் இருக்கிறதா என்று தேடுங்கள். இது முகக் கம்பிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் பந்து நுழையாமல் இருக்கச் சோதிக்கப்பட்ட பிரிட்டிஷ் தரம். போன சீசனில் பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் என்றால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். முதலுதவிப் பெட்டியில் ஐஸ் பேக், பேண்டேஜ் எல்லாம் இருக்கிறதா, பெவிலியனில் மாட்டியிருக்கும், மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் டீஃபிப்ரிலேட்டரின் பேட்டரியும் பேடுகளும் காலாவதியாகவில்லையா என்று பார்ப்பதும் அன்றைக்கே முடியட்டும். பத்து நிமிஷ வேலைதான்.

சொந்த பேட் பற்றி ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் புது பேட் வாங்கியிருப்பீர்கள், முதல் மேட்ச்சிலேயே இறக்க ஆசையாக இருக்கும். வேண்டாம். இங்கிலீஷ் வில்லோ பேட்டை லின்சீட் எண்ணெய் லேசாகத் தடவி, மரச் சுத்தியலால் நாலைந்து மணி நேரமாவது தட்டிப் பழக்கிய பிறகுதான் புதுப் பந்துக்குக் காட்ட வேண்டும். அப்படிப் பழக்கியிருந்தாலும் ஈரத் தரையில் பேட்டை ஊன்றி ஊன்றி நின்றால், அடிமுனை தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். எனக்கு அப்படி ஒரு பேட் போயிருக்கிறது. முனையில் விரலால் தடவினால், ஊறின பிஸ்கட் மாதிரி விளிம்பு நெகிழ்ந்திருந்தது. ஏப்ரலுக்குப் பழைய பேட், அதிலும் முனையில் ரப்பர் கார்டு ஒட்டிய பேட்தான் சரி.

ஷூவுக்கு இரும்பு ஸ்பைக். ரப்பர் அடி வைத்த ஷூ ஜூலைக்கு ஆகும். ஈரப் புல்லில் பவுலர் கால் வழுக்கினால் முழங்கால் போய்விடும்.

ஆள் சேர்ப்பது

ஏப்ரலில் ஆள் கிடைப்பது ஆகஸ்டைவிடக் கஷ்டம். ஒருத்தருக்குக் கால்பந்து சீசன் முடிந்திருக்காது, இன்னொருத்தர் ஈஸ்டர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு போயிருப்பார், பல்கலைக்கழகப் பையன்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘சனிக்கிழமை யார் யார்?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. தனித்தனியாகக் கேளுங்கள். திங்கள் இரவு கேட்டால் புதனுக்குள் தெரிந்துவிடும். வியாழன் இரவு பதினொரு பேர் முடிவாக வேண்டும், பன்னிரண்டாவதாக ஒருவர் மனதில் இருக்க வேண்டும்.

லீக் ஆட்டமாக இருந்தால் ஒவ்வொருவர் பெயரும் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் பிளே-கிரிக்கெட் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுக்கான கடைசி நாள் லீக்குக்கு லீக் வேறுபடும், அதனால் உங்கள் லீக் கையேட்டைப் பாருங்கள். பதியாத ஆளை ஆடவைத்தால் புள்ளிகள் பறிபோகும்.

கீழ் லெவன்களில் 14, 15 வயதுப் பையன்களும் பெண் பிள்ளைகளும் பெரியவர்களோடு ஆடுவார்கள். இதில் அலட்சியமே கூடாது. பெற்றோர் சம்மதம் வேண்டும். 18 வயதுக்குட்பட்ட யாரும் கடினப் பந்தில் பேட் செய்யும்போது ஹெல்மெட் இல்லாமல் நிற்கக் கூடாது, கீப்பராக ஸ்டம்ப்புக்குப் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான். அண்டர்-15 பிரிவிலோ அதற்குக் கீழோ இருப்பவரை, ஆஃப் பக்கம் விக்கெட்டுக்குப் பின்னால் தவிர, பேட்ஸ்மேனின் நடு ஸ்டம்ப்பிலிருந்து 8 கஜத்துக்குள், அதாவது 7.3 மீட்டருக்குள், ஃபீல்டிங் நிறுத்தக் கூடாது. அண்டர்-13 பிரிவும் அதற்குக் கீழும் என்றால் 11 கஜம். வேகமாகப் போடும் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ப ஓவர் வரம்பு உண்டு. அதை ஒரு சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரணி கேப்டன் கேட்டாலும் காட்டலாம்.

வெள்ளி இரவு ஒரு காகிதம்

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏப்ரல். கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்த ஒரு பையன் முதல் தடவையாக எங்களோடு ஆட வந்தான். ரயிலும் பஸ்ஸும் மாறி ஒன்றரை மணி நேரம். அவனை ஒன்பதாவது ஆளாக இறக்குவதாக எழுதிவிட்டேன், அவன் முறை வரவேயில்லை. ஃபீல்டிங்கில் நாற்பது ஓவரும் ஃபைன் லெக்கில் நின்றான். பந்து அவனிடம் நாலைந்து தடவை போயிருக்கும். மேட்ச் முடிந்ததும் மேட்ச் ஃபீஸைக் கொடுத்துவிட்டு, “தேங்க்ஸ் அண்ணா” என்று சொல்லிவிட்டு நடந்தான். புது வெள்ளை பேண்டில் ஒரு புல் கறைகூட இல்லை. அடுத்த வாரம் கேட்டேன். “அசைன்மென்ட் இருக்கு அண்ணா” என்றான். அப்புறம் வரவில்லை. அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம். எத்தனை ரன்னில் என்பது மறந்துவிட்டது. அந்தக் கறை படாத பேண்ட் மறக்கவில்லை.

அதிலிருந்து வெள்ளி இரவு ஒரு காகிதம் எழுதி வைக்கிறேன். பதினொரு பெயர், பக்கத்தில் இரண்டு கட்டம். முதல் ஆறு இடங்களில் பேட்டிங், இல்லையென்றால் குறைந்தது நாலு ஓவர் பவுலிங். இந்த இரண்டில் ஒன்றாவது ஒவ்வொரு பெயருக்கும் நேரே இருக்க வேண்டும். கீப்பர் மட்டும் விதிவிலக்கு, அவருக்கு நாள் முழுக்க வேலை இருக்கிறது. 40 ஓவர் மேட்ச்சில் ஒருவருக்கு 8 ஓவர் என்று வைத்து ஐந்து பவுலரோடு முடித்துவிடலாம்தான். நான் ஏழு பேருக்குப் பிரிப்பேன்: ஐந்து பேருக்கு ஆறு ஓவர், இரண்டு பேருக்கு ஐந்து. கணக்கு சரியாக நாற்பது வரும். பவுலிங் கொஞ்சம் பலவீனமாகும். ஆனால் ஏப்ரல் பிட்ச்சில் சுமாரான பவுலரும் விக்கெட் எடுப்பார் என்பதால், நஷ்டம் நீங்கள் நினைக்கும் அளவு இருக்காது.

பல பேருக்குப் பிரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறு மாதம் பந்தே தொடாத உடம்பு அது. ஒரு வருஷம் எங்கள் ஓப்பனிங் பவுலர் நன்றாகப் போடுகிறாரே என்று தொடர்ந்து எட்டு ஓவர் கொடுத்தேன். எட்டாவது ஓவரின் நாலாவது பந்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜூன் கடைசிவரை அவர் இல்லாமல்தான் ஆடினோம். முதல் மாதம் வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு தடவைக்கு நாலு ஓவர், போனால் ஐந்து. எவ்வளவு கெஞ்சினாலும் அதற்கு மேல் பந்தைக் கொடுக்காதீர்கள்.

மைதானம்

பெரிய கிளப் என்றால் கிரவுண்ட்ஸ்மேன் பார்த்துக்கொள்வார். சின்ன கிளப்பில் அவரும் ஓய்வுபெற்ற ஒரு உறுப்பினராகத்தான் இருப்பார், கூட ரெண்டு கை தேவைப்படும். போய் நில்லுங்கள். பிட்ச்சைப் பற்றி அவரிடம் ஒரு காலையில் கற்றுக்கொள்வது பத்து மேட்ச்சுக்கு உதவும்.

மைதானத்தின் நடுவில் பிட்ச்கள் வரிசையாக இருக்கும் பகுதியை ஸ்கொயர் என்பார்கள். அது களிமண் கலந்த கெட்டி மண். மார்ச்சில் லேசான ரோலரில் தொடங்கி, வாரம் போகப் போக எடையைக் கூட்டி, மெதுவாக உருட்டி இறுக்குவார்கள். பல திசைகளில் உருட்டி, கடைசியில் பந்து போகும் திசையில் முடிப்பார்கள். மண்ணில் ஈரம் அளவாக இருக்கும்போதுதான் இறுகும். தண்ணீர் மேலே கசியும் நேரத்தில் ரோலரை ஏற்றினால் மேல்மண் இழுபட்டு பூசினாற்போல் ஆகிவிடும். காய்ந்த பிறகு உருட்டினால் ரோலர் போனதே தெரியாது.

மேட்ச் பிட்ச்சின் புல் 5, 6 மில்லிமீட்டருக்கு வெட்டியிருக்கும். கோடு போட அளவுகள் இவை: இரண்டு முனை ஸ்டம்ப்புகளுக்கும் நடுவே 20.12 மீட்டர், ஸ்டம்ப் கோட்டிலிருந்து பாப்பிங் கிரீஸ் என்ற முன்கோடு 1.22 மீட்டர் முன்னால், நடு ஸ்டம்ப்பிலிருந்து ரிட்டர்ன் கிரீஸ் என்ற பக்கக் கோடு இரு பக்கமும் 1.32 மீட்டர்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குள் ஒருவர் மைதானத்தில் இருக்க வேண்டும். பிட்ச்சை மூடியிருக்கும் கவர்ஸை முதலில் எடுத்துவிடுங்கள். மழை இல்லாத காலையிலும் மூடியே வைத்திருந்தால் அடியில் வியர்த்து, பிட்ச் நனைந்ததுபோல் ஆகும். காற்று படட்டும். கவர்ஸை இழுக்கும்போது மேலே தேங்கிய தண்ணீர் பிட்ச்சில் சரியாமல், ஒரு பக்கமாக மெல்லச் சாய்த்து வெளியே விட வேண்டும். இதற்கு நாலு பேர் வேண்டும், ஒருவர் சத்தமாகச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் நகர வேண்டும். அவுட்ஃபீல்டில் பனி படர்ந்திருந்தால், நீளமான கயிற்றின் இரண்டு முனைகளையும் இருவர் பிடித்து, புல்மேல் இழுத்துக்கொண்டே மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும். கயிறு பட்டதும் பனித்துளி உதிர்ந்து, புல் சீக்கிரம் காயும். இருபது நிமிஷ நடை. எனக்கு அந்த சனிக்கிழமையிலேயே பிடித்த நேரம் அதுதான். யாரும் இருக்க மாட்டார்கள், நாம் நடந்த இடம் மட்டும் கரும்பச்சையாகத் தெரியும்.

அப்புறம் பிட்ச்சில் மண்டியிட்டு, பந்து வழக்கமாகக் குத்தும் குட் லெங்த் இடத்தில் கட்டைவிரலை அழுத்துங்கள். விரல் உள்ளே போகவே இல்லையென்றால் பிட்ச் கெட்டி, பந்து ஒழுங்காக எழும்பும். லேசாகக் குழி விழுந்து விரலில் மண் ஒட்டவில்லையென்றால் பந்து விழுந்த இடத்தில் தழும்பு விழும், நின்று நின்று வரும். விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு 120 ரன்னே பெரிய ஸ்கோர். இரண்டு முனைகளிலும் பாருங்கள், மரநிழல் விழும் முனை கூடுதலாக ஈரமாக இருக்கும்.

ஆட முடியுமா முடியாதா என்ற கேள்வி வந்தால் கிரிக்கெட் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். புல்லும் பந்தும் ஈரமாக இருப்பது மட்டும் ஆட்டத்தை நிறுத்தக் காரணம் ஆகாது. பவுலருக்குக் கால் ஊன்ற முடியவில்லை, ஃபீல்டர் ஓட முடியவில்லை, பேட்ஸ்மேன் ஷாட் ஆடவோ ரன் ஓடவோ முடியவில்லை என்ற அளவுக்கு வழுக்கினால்தான் அது ஆபத்தான நிலைமை. பவுலர் கால் விழும் குழியில் மரத்தூள் போட அனுமதி உண்டு. ஒரு மூட்டை வாங்கி வைத்திருங்கள்.

உடம்பைச் சூடாக்குவது

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வர வேண்டும். ஆட்டம் ஒரு மணிக்கு. நேராக கேட்ச் பயிற்சியில் இறங்காதீர்கள். குளிர்ந்த விரலில் கடினப் பந்து பட்டால் வலி உச்சந்தலைவரை ஏறும், அதற்கப்புறம் அவர் நாள் முழுக்க பந்தைக் கண்டு கையை இழுத்துக்கொள்வார். முதலில் பத்து நிமிஷம் ஓட்டம், காலை வீசுவது, பக்கவாட்டில் ஓடுவது. அடுத்து டென்னிஸ் பந்தில் கேட்ச். அதற்கும் பிறகு கிரிக்கெட் பந்தை, பத்து மீட்டரிலிருந்து கீழ்க்கை வீச்சாக. தூர எறிதல் கடைசியில், அதுவும் ஆளுக்கு நாலைந்து போதும், ஏனென்றால் ஏப்ரலில் தொடைக்கு அடுத்தபடியாகப் போவது தோள்தான்.

டாஸ்

ஆட்டம் தொடங்க 30 நிமிஷத்துக்கு மேல் இருக்கும்போதும் டாஸ் போடக் கூடாது, 15 நிமிஷத்துக்குக் குறைவாக இருக்கும்போதும் போடக் கூடாது. அதாவது பன்னிரண்டரைக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் நடுவில். அதற்கு முன் அணிப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். டாஸ் போடும்போதே எதிரணி கேப்டனிடம் நாலு விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: எத்தனை ஓவர், ஒரு பவுலருக்கு எத்தனை, மழை வந்தால் எப்படிக் குறைப்பது, பவுண்டரிக் கோட்டில் மரம் ஏதாவது இருந்தால் அதற்கு என்ன கணக்கு. முன்பே பேசினால் ஐந்தே நிமிஷத்தில் முடிந்துவிடும். பேசாமல் விட்டால் நல்ல ஒரு சனிக்கிழமை வாக்குவாதத்தில் போகும்.

டாஸ் ஜெயித்தால் என்ன செய்வது? கட்டைவிரல் குழி விழுந்த பிட்ச் என்றால் யோசிக்காமல் ஃபீல்டிங் எடுங்கள். பிட்ச்சில் ஈரம் அதிகமாக இருப்பது முதல் ஒன்றரை மணி நேரம். நாலு மணிக்கு மேல் காற்றில் காய்ந்து, பந்து ஒழுங்காக வரத் தொடங்கும். ஏப்ரல் கடைசியில் சூரியன் மறைய எட்டு மணி தாண்டும், வெளிச்சத்தைப் பற்றியும் கவலை இல்லை. நம் ஊரில் முதலில் பேட்டிங் எடுப்பதுதான் வழக்கம், கடைசியில் பிட்ச் உடையும் என்ற பயம். அந்தப் பழக்கத்தை இங்கே ஜூலைவரை ஒதுக்கி வையுங்கள்.

பந்துவீச்சும் ஃபீல்டிங்கும்

ஈர பிட்ச்சில் ராஜா, மிதவேகத்தில் ஸ்டம்ப்பைப் பார்த்துப் போடுபவர். வேகத்தில் பயமுறுத்துபவருக்கு இங்கே பெரிய பலன் இல்லை, ஷார்ட்டாகக் குத்தினால் பந்து மெத்தையில் விழுந்ததுபோல் அசடாக எழும்பி, அடிக்க வசதியாக நிற்கும். பேட்ஸ்மேனின் காலுக்குக் கிட்டே, அவரை டிரைவ் ஆடத் தூண்டும் இடத்தில் போடச் சொல்லுங்கள். பந்து தரையில் ஒரு கணம் நின்று வரும். பேட்ஸ்மேன் ஷாட்டை முன்கூட்டியே முடித்திருப்பார், பந்து கவர், மிட் ஆஃப் பக்கம் மெல்ல எழும்பும். அதனால் அந்த இருவரையும் வழக்கத்தைவிட நாலைந்து அடி உள்ளே கொண்டுவாருங்கள். உங்கள் அணியில் நல்ல கை யாருக்கோ அவரை கவரில் நிறுத்துங்கள். முதல் பத்து ஓவருக்கு இரண்டு ஸ்லிப், கொஞ்சம் கிட்டவே நிற்கட்டும், ஏனென்றால் எட்ஜ் பட்ட பந்து தூரம் போகாமல் முன்னாலேயே விழும். கீப்பரும் மிதவேகத்துக்கு ஸ்டம்ப்பை ஒட்டி நின்றால் பேட்ஸ்மேன் கிரீஸைவிட்டு வெளியே நின்று ஆட முடியாது.

பந்து நனையும். எச்சில் தடவுவதை சட்டம் 2022 அக்டோபரிலிருந்து முழுவதுமாகத் தடை செய்துவிட்டது, வியர்வைக்குத் தடை இல்லை. ஆனால் இந்தக் குளிரில் வியர்வை எங்கே வரும்? அதனால் துண்டுதான். அம்பயருக்குத் தெரிந்து துண்டால் துடைக்கலாம், ஒட்டிய சேற்றையும் அவர் பார்வையில் எடுக்கலாம். போன வருஷம் எங்கள் சின்னப் பையன் ஒருத்தன் ஸ்பின் போட வந்து, “அண்ணா, பால் கையில நிக்கவே மாட்டேங்குது” என்று அழாத குறையாகச் சொன்னான். இரண்டு கைத்துண்டு கொடுத்தேன், ஒன்று பந்துக்கு, ஒன்று விரலுக்கு. சுழற்ற வேண்டாம், பறக்கவிட்டு ஸ்டம்ப்புக்கு நேராகப் போடு, மற்றதை பிட்ச் பார்த்துக்கொள்ளும் என்றேன். ஐந்து ஓவரில் இரண்டு விக்கெட் எடுத்தான்.

ஃபீல்டர்களை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் முப்பது நிமிஷம் நின்றால் உடம்பு விறைக்கும். புதிதாக வந்தவரை முதல் அரைமணி நேரத்துக்குள் உள்வட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பந்து அவர் கையில் படட்டும், அவர் பெயரைச் சொல்லி யாராவது கத்தட்டும்.

டீ

டீயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொரோனாவுக்கு முன் சொந்த மைதான அணிதான் இரு அணிக்கும் டீ கொடுக்கும். 2020-ல் அது நின்றது, அதற்குப் பிறகு பல லீக்குகளில் கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. உங்கள் லீக்கில் எப்படி என்று எதிரணியிடம் வியாழனே கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரலில் சாண்ட்விச்சைவிட சூடாக ஏதாவது இருப்பது நல்லது. நாங்கள் பெரிய ஃபிளாஸ்க்கில் ரசம் கொண்டுபோவோம், எதிரணியும் கப்போடு வந்து நிற்கும்.

இந்த இடைவேளையில் பலரும் மறக்கும் ஒரு உரிமை உண்டு. இரண்டாவதாக பேட் செய்யும் கேப்டன் கேட்டால், 7 நிமிஷத்துக்கு மிகாமல் பிட்ச்சை ரோல் செய்யலாம். பந்து விழுந்த தழும்புகள் அமுங்கும். உங்கள் லீக் விதி தடுக்கவில்லையென்றால் கேளுங்கள்.

பேட்டிங்

கல்லி கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு டென்னிஸ் பந்தைக் குறுக்கே வீசி அடித்துப் பழக்கம். மேட்டிங்கில், அதாவது விரிப்பு போட்ட பிட்ச்சில், ஆடியவர்களுக்கு பந்து சீராக எழும்பும் என்ற நம்பிக்கை. ஏப்ரல் பிட்ச் இரண்டுக்கும் ஒத்துவராது. காலை முன்னால் வைத்து, பந்து கண்ணுக்குக் கீழே வரும்வரை காத்திருந்து, இளகிய கையோடு ஆட வேண்டும். டிரைவை முதல் பத்து ஓவருக்கு மறந்துவிடுங்கள். கட் ஷாட், புல் ஷாட் இரண்டும் பந்து எழும்பவில்லையென்றால் ஸ்டம்ப்பை இழக்க வைக்கும். தட்டிவிட்டு ஓடுவதுதான் வழி. புல் நீளம், தரை மெத்து, ஆகஸ்டில் நாலு போகும் பந்து இங்கே பாதியிலேயே நின்றுவிடும். அதை இரண்டாக ஓடி எடுங்கள். ஈரத்தில் ஃபீல்டர் திரும்புவதற்குள் இரண்டாவது ரன் கிடைக்கும். நாற்பது ஓவரில் 140 என்பது ஏப்ரலில் ஜெயிக்கும் ஸ்கோர் என்று என் அணிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்து இறங்க வேண்டியவர் பேடைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காரக் கூடாது, நடந்துகொண்டே இருக்கட்டும். விக்கெட் விழுந்தால் மூன்று நிமிஷத்துக்குள் அடுத்தவர் தயாராக வேண்டும்.

கீழ் லெவன்களில் லீக் அம்பயர் வர மாட்டார், பேட்டிங் செய்யும் அணியிலிருந்தே இருவர் பத்துப் பத்து ஓவராக நிற்க வேண்டும். யார் எப்போது என்பதையும் வெள்ளி இரவே எழுதிவிடுங்கள். ஆறு கூழாங்கற்களை ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எண்ணுவது இன்றைக்கும் நல்ல முறை. இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள்: லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே குத்திய பந்துக்கு எல்பிடபிள்யூ கிடையாது, கேட்ச்சில் ஒருவர் போனால், ஓவர் முடிந்திருந்தால் தவிர, புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும். இந்த இரண்டாவது விதி மாறி வந்தது, பாதி பேருக்கு இன்னும் பழகவில்லை. ஸ்கோர் எழுத ஆளில்லையென்றால் அவுட்டானவர் உட்கார்ந்து எழுதட்டும். ஓவர் முடிவில் எதிரணி ஸ்கோரரோடு ஒரு தடவை ஒத்துப் பார்க்க வேண்டும்.

மேட்ச் முடிந்த பிறகு

கை கொடுத்து முடித்ததும் எல்லோரும் காரை நோக்கிப் போவார்கள். நாலு பேரை நிறுத்துங்கள். பிட்ச்சில் கால் பட்ட குழிகளை மண்ணும் விதையும் போட்டு மிதித்து மூட வேண்டும், கவர்ஸை இழுத்துக் கட்ட வேண்டும், ரோலர் கொட்டகையைப் பூட்ட வேண்டும். இருபது நிமிஷம். மேட்ச் ஃபீஸை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பல கிளப்களில் 10 முதல் 15 பவுண்டு இருக்கும், மாணவர்களுக்குக் குறைவு. உங்கள் கிளப்பில் குறைவு இல்லையென்றால், கமிட்டியில் எழுந்து கேளுங்கள். பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் பையனுக்கு ரயில் கட்டணமும் சேர்ந்து ஒரு சனிக்கிழமைக்கு முப்பது பவுண்டு என்பது சின்னத் தொகை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கிட் பேக்கைத் திறந்து வையுங்கள். கிளவுஸையும் பேடையும் காற்றாடக் காயவிடுங்கள், ஹீட்டர்மேல் வைத்தால் தோல் விறைத்துவிடும். ஸ்பைக்கில் ஒட்டிய களிமண்ணை அன்றைக்கே பழைய கத்தியால் சுரண்டுங்கள், மறுநாள் அது செங்கல் மாதிரி ஆகியிருக்கும். ஸ்கோர் கார்டை இரவே பிளே-கிரிக்கெட்டில் ஏற்றிவிடுங்கள். முதல் தடவை ஆடியவர்கள் அதைத்தான் தூங்கும் முன் திறந்து பார்ப்பார்கள், ஊரில் அப்பாவுக்கும் அனுப்புவார்கள். பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் அடுத்த வாரத்துக்கான செய்தி திங்கட்கிழமைதான். புதிதாக வந்தவருக்கு மட்டும் ஞாயிறு காலையே தனியாக எழுதுவேன். போன ஏப்ரலில் எழுதியது இப்போதும் போனில் இருக்கிறது: “தம்பி, நேத்து கவர்ல குனிஞ்சு பிடிச்ச அந்த கேட்ச் ரொம்ப நல்லா இருந்துச்சு. அடுத்த சனிக்கிழமை உன் ரயில் எத்தனை மணிக்கு வருதுன்னு சொல்லு, நான் ஸ்டேஷனுக்கு கார் எடுத்துட்டு வரேன்.”